முழுப் பக்கத்தையும் அனுப்பு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒரு செவ்வகம். அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. கோட்டின் கீழ்முனை மட்டும் மடங்கி, பாதம் பதித்து நிற்பதுபோலச் சிறிது தூரம் படுக்கையாகப் போய் முடிந்தது. அவ்வளவுதான் படம். சுற்றியிருந்த அனைத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, அந்த ஒரு குறியீட்டை மட்டும் பெரிதாக்கி அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: "மாமா, இது என்ன?" அவன் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வீட்டில் உயிரில்லாமல் கிடந்த எல்இடி டிவியின் பவர் சப்ளை போர்டைக் கழற்றி, அதற்குரிய சர்க்யூட் வரைபடத்தையும் எங்கேயோ தேடிப் பிடித்துவிட்டான். அந்த வயதில் அது சாதாரண முயற்சி இல்லை. எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

ஆனாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் குறி மூன்று பொருள்களில் எதுவாகவும் இருக்கலாம். "முழுப் பக்கத்தையும் அனுப்பு" என்று எழுதினேன். "மற்றதெல்லாம் தெரியும் மாமா, இது ஒன்றுதான் தெரியவில்லை" என்று பதில் வந்தது. அந்த வரி நான்கைந்து நாட்கள் என்னை விடவில்லை. சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுடைய வயதில் அதே வார்த்தைகளை, அதே உறுதியோடு, நானும் சொல்லியிருக்கிறேன்.

அட்டையில் இருந்த குறியீடுகள்

நாங்கள் படித்த காலத்தில் ஆய்வுக்கூடச் சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கும். இடப்பக்கம் குறியீடு, வலப்பக்கம் பெயர். ரெசிஸ்டர், கெபாசிட்டர் என்ற கண்டன்சர், காயில், டயோடு, டிரான்சிஸ்டர் என்று வரிசையாக இருக்கும். அதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும். பென்சில் கோடு சீராக இருந்தால் மதிப்பெண். எந்தக் கோடு எதற்காக அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வாய்ப்பாட்டைப்போல ஒப்பித்துவிட்டு வெளியே வந்தோம். வெளியே வந்த முதல் வாரத்திலேயே அந்த அட்டை கைவிட்டுவிட்டது. அட்டையில் ரெசிஸ்டர் வளைந்து நெளிந்த கோடாக இருந்தது. கையில் கிடைத்த ஐரோப்பிய டிவி வரைபடத்தில் அது வெறும் செவ்வகம். 1975-ல் அமெரிக்கப் பொறியாளர்கள் வகுத்த ஐஇஇஇ 315 தரமும், உலகம் முழுவதற்குமாகச் செய்யப்பட்ட ஐஇசி 60617 தரமும் ஒரே பொருளை இருவிதமாக வரையும் என்பது எனக்கு அன்று தெரியாது. எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரைப் பார்த்தால் இன்னும் குழப்பம். அமெரிக்க முறையில் வளைந்த தகடு மைனஸ். மற்ற முறையில் உள்ளீடற்ற பெட்டிபோல வரையப்பட்ட தகடு பிளஸ். ஒன்றில் மைனஸுக்கு அடையாளம், மற்றொன்றில் பிளஸுக்கு அடையாளம். மாற்றிப் புரிந்துகொண்டு மாட்டினால் வெடிக்கும்.

தெரியாத குறியீடு வந்தால் தெரிந்த அட்டையில் தேடுவேன். இல்லையென்றால் அதைவிடப் பெரிய அட்டையில் தேடுவேன். அட்டையில் எது ஏறக்குறைய ஒத்துப்போகிறதோ அதுதான் இது என்று முடிவுகட்டுவேன். படம் பார்த்துப் பெயர் சொல்லும் பாலர் வகுப்பு முறைதான் அது. அதையே வரைபடம் வாசிப்பது என்று நம்பியிருந்தேன்.

அண்ணாச்சி கடையில் ஒரு மாலை

படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஒரு பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தேன். கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். டிவிடி பிளேயர்கள் குவிந்துகொண்டிருந்த காலம். ஒருநாள் வந்த பிளேயரில் பவர் சப்ளை போர்டில் மூன்று கால் உள்ள சிறிய கறுப்புத் துண்டு ஒன்று வெடித்துப் பிளந்திருந்தது. டிரான்சிஸ்டர் அளவுதான். முகம் பெயர்ந்து போனதால் எண்ணைப் படிக்க முடியவில்லை. நல்ல வேளையாக அந்த மாடலின் வரைபடம் கடையில் இருந்தது. பிரதியெடுத்ததைப் பிரதியெடுத்து, அதையும் பிரதியெடுத்த தாள். குறியீடு தெளிவாக இருந்தது. பொருளின் எண் இருந்த இடத்தில் மட்டும் கறுப்புக் கறை.

குறியீட்டைப் பார்த்தேன். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுக்குரிய முக்கோணம், அதன் நுனியில் குறுக்குக் கோடு. பக்கவாட்டிலிருந்து மூன்றாவது கால் ஒன்று வந்து சேர்கிறது. மனத்தில் இருந்த அட்டை உடனே பதில் சொன்னது: டயோடுக்கு மூன்றாவது கால் இருந்தால் அது தைரிஸ்டர், அந்தக் காலைத் தூண்டினால் மின்சாரத்தை விடும் சுவிட்ச். குறுக்குக் கோட்டின் இரு முனைகளும் எதிரெதிர்ப் பக்கமாகச் சற்று மடங்கியிருந்ததைக் கண்ணால் கண்டேன். வரைந்தவர் கை அசைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். கோயில் கொடைக்கு மாட்டும் சீரியல் விளக்குகளின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வரும் சிறிய தைரிஸ்டர்கள் கடையில் ஒரு டப்பா நிறைய இருந்தன. அளவும் பொருந்தியது. கால்களைச் சரியாகப் பார்த்து, ஒன்றை எடுத்து ஈயம் வைத்து முடித்தேன்.

பவர் போர்டை மற்ற போர்டுகளிலிருந்து பிரித்து, பாதுகாப்புக்காக வழியில் மாட்டிய சீரிஸ் பல்பு வழியாகத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம். அதை மட்டும் நான் மீறவில்லை. மல்டிமீட்டரின் முனைகளை 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். 5 வந்தது. நிற்கவில்லை. 7, 9, 11 என்று ஏறிக்கொண்டே போனது. 10 வோல்ட் தாங்கக்கூடிய கண்டன்சரின் தலை என் கண்முன்னே உப்பியது. சுவிட்சை அணைப்பதற்குள் புஸ்ஸென்று சத்தம், மீன் நாற்றம் கலந்த ஒரு புகை. கை நடுங்கியது. அந்த 5 வோல்ட் கம்பியை அன்று பிரதான போர்டோடு இணைத்திருந்தால், ஒரு குடும்பத்தின் டிவிடி பிளேயர் என் கையாலேயே குப்பைக்குப் போயிருக்கும்.

அண்ணாச்சி திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதன் பக்கத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது, தம்பி?" என்றார். "ஐசி 3" என்றேன். "தைரிஸ்டரை யாராவது ஐசி என்று எழுதுவார்களா?" எனக்குப் பதில் வரவில்லை. "சரி, முக்கோணம் எந்தப் பக்கம் பார்க்கிறது?" விரலால் தொட்டுக் காட்டினேன். முக்கோணத்தின் அடி கிரவுண்டில், அதாவது சுழி வோல்ட் பக்கம்; நுனி மேலே பிளஸ் பக்கம். "மின்சாரம் எங்கிருந்து எங்கே போக வேண்டும்?" மேலிருந்து கீழே. அதாவது முக்கோணத்துக்கு எதிர்த்திசையில். சாதாரண டயோடாக இருந்தால் அங்கே மின்சாரம் போகவே போகாது. தைரிஸ்டராக இருந்தாலும் போகாது. அப்படியானால் எதிர்த்திசையில் வேலை செய்வதற்காகவே பிறந்த டயோடு எது?

ஜீனர். குறிப்பிட்ட வோல்ட்டை எட்டியதும் எதிர்த்திசையில் கடத்தும் டயோடு. குறுக்குக் கோட்டின் முனைகள் மடங்கியிருந்தது கை அசைந்ததால் அல்ல. அந்த மடக்குதான் ஜீனர் என்பதற்கு அடையாளம்.

"இப்போது அக்கம்பக்கம் யார் யார் இருக்கிறார்கள், பார்" என்றார். மூன்றாவது காலைப் பின்தொடர்ந்தேன். அது இரண்டு ரெசிஸ்டர்கள் சந்திக்கும் நடுப்புள்ளிக்குப் போனது. ஒன்று 5 வோல்ட்டிலிருந்து இறங்கி வருகிறது, மற்றொன்று கிரவுண்டுக்குப் போகிறது. இரண்டும் 10 கிலோ ஓம். சமமான இரண்டு ரெசிஸ்டர்கள் 5 வோல்ட்டைப் பங்கு போட்டால் நடுவில் 2.5 வோல்ட். குறியீட்டின் மேல்முனையைப் பின்தொடர்ந்தேன். அது ஆப்டோகப்ளர் என்ற, ஒளியால் செய்தி கடத்தும் நான்கு கால் பெட்டியின் எல்இடிக்குப் போனது. அந்தப் பெட்டியின் மறுபாதியில் இருந்த ஒளி டிரான்சிஸ்டர், டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம், மின்வாரிய இணைப்புள்ள முதன்மைப் பக்கத்தில் இருந்த கட்டுப்பாட்டு ஐசியோடு இணைந்திருந்தது.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்தார். தாளில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எனக்குள் கோத்தேன். இது ஒரு ஜீனர். ஆனால் எந்த வோல்ட்டில் கடத்த வேண்டும் என்பதை மூன்றாவது கால் வழியாக வெளியிலிருந்து கேட்டுக்கொள்கிறது. அந்தக் காலில் 2.5 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் கடத்துகிறது. கடத்தினால் ஆப்டோகப்ளரின் எல்இடி ஒளிர்கிறது. அந்த ஒளியைப் பார்த்து மறுபக்கத்து ஐசி மின்சாரம் தள்ளுவதைக் குறைக்கிறது. 5 வோல்ட் 5-லேயே நிற்கிறது. நான் மாட்டிய தைரிஸ்டர் எதிர்த்திசையில் அடைத்துக்கொண்டு நின்றதால் எல்இடி ஒருமுறைகூட எரியவில்லை. போதும் என்று சொல்ல ஆளில்லாமல் மறுபக்கம் மேலும் மேலும் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. இதை நான் வாய்விட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய தகர டப்பாவை எடுத்தார். உள்ளே மூன்று கால் கறுப்புத் துண்டுகள். முகத்தில் 431 என்று இருந்தது.

டிஎல் 431. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1970-களின் இறுதியில் கொண்டுவந்தது. உள்ளே பல டிரான்சிஸ்டர்கள் சேர்ந்த முழு ஐசி அது. செல்போன் சார்ஜரிலிருந்து கணினியின் பவர் சப்ளைவரை எண்ணற்ற கருவிகளில் இருக்கிறது. அதற்கு முன்பும் எத்தனையோ போர்டுகளில் அதைத் தொட்டுத் தாண்டிப் போயிருப்பேன். அன்று மாலை எனக்குக் கிடைத்தது அதன் பெயர் அல்ல. பெயர் தெரிவதற்கு முன்பே, ஒரு தாளை வைத்துக்கொண்டு, அது என்ன வேலை செய்கிறது என்று என்னால் சொல்ல முடிந்தது. அதுவரை அப்படி ஒன்று முடியும் என்றே எனக்குத் தெரியாது.

பகுதியும் விகுதியும்

பள்ளியில் தமிழாசிரியர் பகுபதம் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார். 'படித்தான்' என்ற சொல்லை முன்பின் கேட்டிராதவனும், படி என்ற பகுதியையும், இறந்தகாலம் காட்டும் இடைநிலையையும், ஆன் என்ற விகுதியையும் அறிந்திருந்தால் பொருள் சொல்லிவிடுவான். சர்க்யூட் குறியீடுகளும் பெரும்பாலும் பகுபதங்கள்தாம் என்பது பிறகுதான் மெல்ல மெல்லத் துலங்கியது. அடிப்படை வடிவம் பகுதி. அதன்மேல் ஏறும் சிறு கோடும் அம்பும் புள்ளியும் இடைநிலையும் விகுதியும். அட்டை மொத்தச் சொல்லையும் உருப்போடச் சொல்கிறது. பிரிக்கத் தெரிந்தவனுக்கு அட்டையே வேண்டியதில்லை.

சாய்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் குறுக்கே அம்புத்தலையோடு சாய்கோடு போனால், அதன் மதிப்பைக் கையால் மாற்றலாம் என்று பொருள். ரேடியோவின் டியூனிங் கண்டன்சர் அப்படித்தான் வரையப்படும். அம்புத்தலைக்குப் பதிலாகச் சிறு குறுக்குக் கோடு முனையில் இருந்தால், அதை ஸ்குரூடிரைவரால் ஒருமுறை திருகிச் சரிசெய்துவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். டிரிம்மர்கள் இந்த வகை. அம்பும் இல்லாமல் குறுக்குக் கோடும் இல்லாமல், முனை பாதம்போல மடங்கியிருந்தால், அதை யாரும் மாற்ற வேண்டியதில்லை. சூழ்நிலைக்கேற்ப அது தானாகவே மாறிக்கொள்ளும். ஒரு முனையின் வடிவத்திலேயே கையா, கருவியா, தானாகவா என்ற மூன்று செய்திகளையும் வைத்திருக்கிறார்கள். இதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதை நினைத்தால் இன்றும் ஆதங்கமாகத்தான் இருக்கிறது. சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மாஸ்பெட் என்ற டிரான்சிஸ்டர் வகையின் குறியீடு இன்னும் அழகு. கேட் என்ற கால் உடம்பைத் தொடாமல் ஒரு சிறு இடைவெளி விட்டு நிற்கும். நடுவில் மின்காப்புப் படலம் இருக்கிறது என்பதை அந்த இடைவெளியே சொல்லிவிடுகிறது. உடம்பைக் குறிக்கும் கோடு மூன்று துண்டாக உடைந்திருந்தால் பாதை இயல்பாகவே மூடியிருக்கிறது, கேட்டில் வோல்ட்டேஜ் கொடுத்தால்தான் திறக்கும். கோடு உடையாமல் முழுதாக இருந்தால் பாதை ஏற்கெனவே திறந்திருக்கிறது. சாதாரண டிரான்சிஸ்டரின் குறியீட்டில் ஒரு தட்டையான கோட்டின்மேல் இரண்டு சாய்கோடுகள் வந்து குத்தி நிற்கின்றன அல்லவா? 1947-ல் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டைனும் செய்த முதல் டிரான்சிஸ்டரில் ஜெர்மானியத் துண்டின்மேல் இரண்டு உலோக முனைகள் அப்படித்தான் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த வகை டிரான்சிஸ்டரை இன்று யாரும் செய்வதில்லை. அதன் உருவம் மட்டும் ஒவ்வொரு வரைபடத்திலும் இன்னும் இருக்கிறது.

பிரித்துப் படித்தால் எல்லாம் விளங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். புள்ளி ஒன்று போதும், தடுமாற வைக்க. இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் புள்ளி இருந்தால் இணைப்பு. பழைய வால்வு போன்ற மின்குழலைக் குறிக்கும் வட்டத்துக்குள்ளே இருந்தால் அந்தக் குழலில் வாயு நிரப்பியிருக்கிறது. காயிலின் ஒரு முனையருகே இருந்தால் அது சுற்றின் தொடக்கம். ஒரே புள்ளிக்கு மூன்று வேலை, நிற்கும் இடத்தைப் பொறுத்து. பழைய தாள்களில் பிரதியெடுக்கும்போது புள்ளியே மறைந்துவிடுவதும் உண்டு. 4.7 என்பது 47 ஆகிவிடும். அதனால்தான் பலர் 4.7 கிலோ ஓமை 4கே7 என்று, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தைப் போட்டு எழுதினார்கள். மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் மணியை ஒருவர் காயிலாக வரைவார், இன்னொருவர் செவ்வகமாக வரைவார். அங்கெல்லாம் பக்கத்தில் இருக்கும் எழுத்தும், அது எங்கே நிற்கிறது, யாரோடு சேர்ந்து நிற்கிறது என்பதும்தான் துணை.

உயிர் சம்பந்தப்பட்ட குறியீடு ஒன்றும் இருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். பவர் சப்ளை வரைபடங்களில் கிரவுண்டை இரண்டு விதமாக வரைவார்கள். டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் ஒரு வடிவம், அந்தப் பக்கம் வேறு வடிவம். ஒன்று மூன்று படுக்கைக் கோடுகளாக இருந்தால் மற்றொன்று முக்கோணமாக இருக்கலாம். வரைந்தவரின் ரசனை என்று கடந்து போகக் கூடாது. முதன்மைப் பக்கத்துக் கிரவுண்ட் நேரடியாக மின்வாரிய இணைப்போடு தொடர்புள்ளது. மெக்கானிக்குகள் ஹாட் கிரவுண்ட் என்பார்கள். அங்கே இருக்கும் பெரிய கண்டன்சரில் சுமார் 325 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கலாம். இரண்டும் கிரவுண்ட்தானே என்று நினைத்துத் தொட்டவர்களை எனக்குத் தெரியும். சுவரில் தொங்கும் அட்டையில் முதல் வரிசையில் இருக்க வேண்டியவை இந்த இரண்டு குறிகள். நான் பார்த்த அட்டையில் கிரவுண்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பாதம் மடங்கிய இரண்டு கோடுகள்

வியாழக்கிழமை இரவு மருமகன் முழுப் பக்கத்தையும் அனுப்பினான். திறந்து பார்த்தால், நான் நினைத்ததைவிட நல்ல பாடமாக இருந்தது. அந்தப் பாதம் மடங்கிய சாய்கோட்டுச் செவ்வகம் பக்கத்தில் ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் மின்சாரம் உள்ளே நுழையும் மூலையில், பியூஸுக்கு அருகிலேயே இருந்தன. ஒன்றை மட்டும் வெட்டி அனுப்பியபோது மற்றொன்றும் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. அவனைக் கூப்பிட்டேன். பெயரைச் சொல்லவில்லை. "மடங்கிய முனை என்றால் தானாக மாறும் ரெசிஸ்டர். முதலாவது எங்கே நிற்கிறது, இரண்டாவது எங்கே நிற்கிறது, அதை மட்டும் சொல்" என்றேன்.

சிறிது நேரம் அமைதி. "ஒன்று பியூஸுக்கு அடுத்து, வழியிலேயே நிற்கிறது மாமா. எல்லா மின்சாரமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். இன்னொன்று இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே நிற்கிறது." வழியில் நிற்பது எப்போதும் தடுத்துக்கொண்டே இருந்தால் டிவி ஓடாது. அப்படியானால் தொடக்கத்தில் தடுத்துவிட்டு, சூடானதும் வழிவிட வேண்டும். சுவிட்சைப் போட்ட கணத்தில் காலியாக இருக்கும் பெரிய கண்டன்சர் மின்சாரத்தை மடமடவென்று இழுக்கும். அதை அடக்குவதற்கு நிற்பது அது. குறுக்கே நிற்பது எப்போதும் கடத்தினால் பியூஸ் போய்விடும். அப்படியானால் வழக்கமான 230 வோல்ட்டில் சும்மா இருந்துவிட்டு, அளவுமீறி எகிறும்போது மட்டும் கடத்த வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக அவனே சொன்னான். முதலாவது என்டிசி தெர்மிஸ்டர், இரண்டாவது வேரிஸ்டர் என்ற பெயர்களைக் கடைசியில்தான் கொடுத்தேன். முழுப் பக்கத்தில் பார்த்தபோது ஒன்றின் அருகே தீட்டா என்ற கிரேக்க எழுத்தும் மற்றொன்றின் அருகே யு என்ற எழுத்தும்கூட இருந்தன. வெப்பத்தால் மாறுவது, வோல்ட்டேஜால் மாறுவது. வெட்டும்போது அந்த எழுத்துகளும் போயிருந்தன.

அவன் போர்டில் விரிசல் விட்டிருந்தது தெர்மிஸ்டர். மறுநாள் கடையிலிருந்து கூப்பிட்டான். "10டி என்று போட்டு இரண்டு வட்டத் துண்டு காட்டுகிறார் மாமா. இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றன." முழுவதும் படிக்கச் சொன்னேன். ஒன்றில் 10டி-9, மற்றொன்றில் 10டி471கே. முதலாவதில் 10 என்பது ஓம், 9 என்பது விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதில் அதே 10 விட்டத்தைக் குறிக்கிறது, 471 என்பது 47-க்குப் பின்னால் ஒரு சுழி, அதாவது 470 வோல்ட். முதலாவதுதான் அவனுக்கு வேண்டியது. அதையே தெரியாமல் குறுக்கே மாட்டினால் என்ன ஆகும் என்று அவனே கேட்டான். கணக்குப் போடச் சொன்னேன். 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். "பியூஸ் தாங்காது" என்றான்.

டிவி சனிக்கிழமை ஓடியது. அதைப் பற்றி அக்காதான் சொன்னாள். அவன் ஞாயிற்றுக்கிழமை அனுப்பியது வேறொரு படம், வேறொரு போர்டின் வரைபடம். இந்த முறை பக்கம் முழுவதும் இருந்தது, நான்கு ஓரங்களோடு. கேள்வி எதுவும் எழுதவில்லை. டிரான்ஸ்பார்மரின் இந்தப் பக்கத்துக் கிரவுண்ட் குறிகளையெல்லாம் சிவப்பு மையாலும், அந்தப் பக்கத்துக் குறிகளைப் பச்சை மையாலும் வட்டமிட்டு, சிவப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'தொடாதே' என்று எழுதியிருந்தான்.